பழம்பேஸ் வணிகம்: ஓர் ஆராய்ச்சி

வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து மேலெழுந்தவரும், ஆயுள் முழுதும் கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொள்ளாமலே கிட்டார் செய்தவருமான லியோ பெண்டர் என்பார், 1951ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரத்தில், ஆளுயரம் நின்ற டபிள் பேஸைத் தோளில் மாட்டிக்கொள்ளும் ஒரு பலகையாகச் சுருக்கி, அதிரும் நீளம் 34 அங்குலமாக நான்கு தந்திகளைப் பூட்டி, விரல் வைக்கும் இடம் தவறாதிருக்க 20 பிரெட்டுகளைப் பதித்து, பிரிசிஷன் பேஸ் என்று பெயரிட்டு விற்பனைக்கு விட்டார். சரித்திர நூலோர் இச்செயலில் ஒரு வாத்தியத்தின் பிறப்பைக் காண்பர். ஆராய்ச்சியாளனுடைய கண்ணோ வேறிடத்தில் நிற்கிறது. வயலின் முதலிய வாத்தியங்களில் கழுத்தை உடலோடு பசையிட்டுப் பிணைத்துவிடுவது மரபாக இருக்க, உற்பத்தியும் பழுதுபார்ப்பும் எளிதாக வேண்டும் என்று கருதிய பெண்டர், நான்கு ஸ்க்ரூக்களால் அவற்றை முடுக்கிவிட்டார். முடுக்கியது எதுவும் கழற்றத்தக்கதாகையால், வாசிப்பதைவிடக் கழற்றுவதில் பிரீதியுள்ள ஒரு மனித வர்க்கத்தை அவர் தம்மையறியாமலே சிருஷ்டித்துவிட்டார் என்பதும், அவ்வர்க்கத்தார் விலை கொடுத்து வாங்குவது பேஸை அன்று, ஒரு பேஸைக் கழற்றிப் பார்க்கும் பாத்தியதையையே என்பதும் இவ்வியாசத்தின் துணிபு. (1930களிலேயே சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர் பிரெட் வைத்த மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார் என்பதை இவ்விடத்தில் நினைவூட்டாத ஆராய்ச்சியாளனை மற்ற ஆராய்ச்சியாளர் மதியார், ஆகவே நினைவூட்டினோம்.)

சாஸ்திரம் தொடங்குவோர் விஷயம், சம்பந்தம், பிரயோஜனம், அதிகாரி என்னும் நான்கையும் முகப்பிலே கூறிவிட வேண்டும் என்பது பெரியோர் விதி. விஷயம், பிறர் வாங்கி அலுத்துப்போன பேஸ் கிட்டார். அதிகாரி, வீட்டில் மூன்று பேஸ்கள் சுவரில் சாய்ந்திருக்க, நான்காவதன் இன்றியமையாமையைத் தர்மபத்தினிக்கு எடுத்துரைக்கும் வாக்குவன்மை உடையவர். அவரை இனி அன்பர் என்போம். கச்சேரி வாசித்துப் பிழைப்பவர் இதற்கு அதிகாரியல்லர், அவருக்கு ஓய்வில்லை; வாத்தியக் கடைக்காரரும் அல்லர், அவருக்கு லாபம் வருகிறது. விஷயத்துக்கும் அதிகாரிக்கும் உள்ள சம்பந்தம் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி நீடிப்பது அபூர்வம். பிரயோஜனம் கிடைத்தால் பின்னர்க் கூறப்படும். இளையராஜாவின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த தமிழர்க்கு, குரலுக்கு அடியில் தனக்கென்று ஒரு நடை போட்டுக்கொண்டு போகும் அந்த வாத்தியத்தை அறிமுகம் செய்யவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அதனை வாங்கி விற்கும் கலை முதன்மையாக அமெரிக்காவில் செழித்ததாகையால், நம் ஆராய்ச்சியும் அங்கேயே நிகழ்வதாகுக.

முதலில் கொள்முதல். புதுப் பேஸ் ஒன்று கடை வாசற்படியைத் தாண்டிய கணத்திலேயே விலையில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. அந்த நட்டத்தை முதல் உடைமையாளர் தலையில் சுமத்திவிட்டு மிச்சத்தை வாங்குவதே விவேகம் என்று அன்பர் வாதிப்பார். வாதம் சரியானதே. விவேகத்தை ஒரே ஆண்டில் ஐந்து முறை அனுஷ்டிப்பதால் வரும் விளைவு வேறு விஷயம்.

ஒரு பழம்பேஸின் வயதையும் வமிசத்தையும் நிச்சயிப்பதற்குப் பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்னும் மூன்று பிரமாணங்கள் உள. இவற்றுள் ஆப்தவாக்கியம் ஆவது விற்பவர் சொல். ‘புகைபிடிக்காதவர் வீட்டில் இருந்தது’, ‘படுக்கையறையைத் தாண்டிப் போனதில்லை’, ‘எப்போதோ ஒரு முறை எடுத்து வாசித்தது’ என்னும் வாக்கியங்கள், எழுதியவர் யாராயினும், எவ்வூரினராயினும், எழுத்துப் பிசகாமல் ஒரே பாடமாகக் காணப்படுவதால், இவற்றில் பாடபேத ஆராய்ச்சிக்கு இடமே இல்லை. ஒருவராலும் இயற்றப்படாமல் அனாதியாக இருந்து வருபவை என்றே இவற்றைக் கொள்ளவேண்டும்.

பிரத்தியட்சம் இதனினும் சிரமமானது. தந்திகளைத் தளர்த்தி, பின்புறத்து உலோகத் தகட்டின் நான்கு ஸ்க்ரூக்களையும் எடுத்து, கழுத்தை மெல்ல ஆட்டினால், பல காலம் ஒட்டிக்கிடந்த வார்னிஷ் ‘டிக்’ என்று விடும். கழுத்தின் அடிக்கட்டையில் பென்சிலாலோ ரப்பர் முத்திரையாலோ ஒரு தேதி இருக்கும். உடலின் குழிவில், வெயில் படாத இடமாகையால், சாயம் பிறந்த நாளின் நிறத்தோடு நிற்கும். அதன்மேல் எவரோ மடித்து வைத்த உப்புக்காகிதத் துண்டோ விசிட்டிங் கார்டோ, கழுத்தின் சாய்வைத் திருத்தச் செருகியது, அழுந்தித் தட்டையாகிக் கிடக்கும். எந்தப் பல் வைத்தியருடைய கார்டு அது, அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர் யார் என்பதுவரை அன்பர் சிந்தனை ஓடும். ஆனால் தேதியோ கழுத்து செய்யப்பட்ட நாளைச் சொல்லுமேயன்றி, பேஸ் கோக்கப்பட்ட நாளைச் சொல்லாது. தகட்டின்மேல் வெட்டிய எண்ணும், தொழிலாளர் பெட்டிக்குள் கைவிட்டு வந்த தகட்டை எடுத்துப் பூட்டிய காலத்ததாகையால், வரிசைப்படி ஏறாது.

எஞ்சியது அனுமானம். ஒலியைக் கூட்டும் குமிழுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் 3046625 என்று பதிந்திருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் என்னும் கம்பெனி, 66 என்பது ஆண்டு, 25 என்பது அவ்வாண்டின் வாரம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இதனால் அந்தப் பேஸ் 1966இன் நடுப்பகுதிக்கு முற்பட்டதன்று என்பது மட்டுமே சித்திக்கும்; ஏனெனில் பெண்டர் கம்பெனியார் அவ்வாண்டில் அவ்வுறுப்பை மொத்தமாக வாங்கிக் குவித்து, பின்வந்த ஆண்டுகளிலும் செலவழித்தார்கள். உறுப்பே பின்னாளில் மாற்றப்பட்டதாயின் இதுவும் சித்திக்காது.

இவ்வளவு ஆய்வுக்கும் மூலகாரணம் 1965ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அம்மாதத்தில் பெண்டர் தம் கம்பெனியைச் சி.பி.எஸ். நிறுவனத்தாருக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார்; அதற்கு முற்பட்டவை உத்தமம், பிற்பட்டவை மத்திமம் என்று சந்தை ஒரு கோடு கிழித்துவிட்டது. விற்பனைப் பத்திரத்தில் கையொப்பம் ஆன மறுநாட்காலையிலும் அதே ஆலையில், அதே தொழிலாளர், அதே மரத்தை அறுத்தார்கள் என்றே அனுமானிக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் நாளடைவில் மாறுதல் வரவே செய்தது. 1970களின் பேஸ்கள் பல 10 ராத்தலுக்கு மேல் கனத்தன. ஜாஸ் பேஸ் என்னும் வகையில் கழுத்தைப் பிடிக்கும் நான்கு ஸ்க்ரூக்கள் மூன்றாயின. ஒரு ஸ்க்ரூ குறைந்ததை அன்பர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. நம் துணிபின்படி அது இயல்பே: கழற்றும் இன்பத்தில் நாலில் ஒரு பங்கு பறிபோயிற்று.

பேஸ் கைக்கு வந்ததும், அனுபவசாலி மெல்லிய தந்தியின் 5ஆம் பிரெட்டிலிருந்து 7ஆம் பிரெட்டுக்குள் ஒவ்வொரு ஸ்வரமாக அழுத்திப் பார்ப்பார். கழுத்து மரம் தானே அதிர்ந்து தந்தியின் அதிர்வைக் குடித்துவிடுவதால், அவ்வட்டாரத்தில் ஏதேனும் ஒரு ஸ்வரம் மட்டும் பிறந்த வேகத்தில் மாண்டுபோவது இவ்வகை வாத்தியங்களின் பிறவிக்குணம். விற்பவர் வாசித்துக் காட்டும்போது அந்த ஸ்வரத்துக்கு வராத ராகமாகப் பார்த்துக்கொள்வார்.

இனித் திருத்தம். இது மீளும் திருத்தம், மீளாத் திருத்தம் என இருவகைப்படும். தந்தி, அதன் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ், அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஆகியவற்றை மாற்றுவது மீளும் திருத்தம். 9 வோல்ட் பாட்டரியோடு கூடிய பிரீ-ஆம்ப் வைப்பதற்காக உடலைக் குடைவதும், இரண்டாவது பிக்கப்புக்குக் குழி வெட்டுவதும், வர்ணத்தைச் சுரண்டி வேறு வர்ணம் அடிப்பதும் மீளாதவை. வர்ணம் மாற்றிய பழம்பேஸ் ஏறத்தாழப் பாதி விலைக்கே போகும் என்பது வணிகர் வழக்கு. மீளும் திருத்தங்களிலே பெரும் சர்ச்சைக்கு இடமானது, டோன் குமிழோடு சேர்ந்த கபாசிட்டர். மிளகளவு பொருள்; 0.047 மைக்ரோபாரட் என்பது அதன் வழக்கமான அளவு. அளவு ஒன்றாயின் எண்ணெய்க் காகிதத்தால் செய்ததும் பாலியெஸ்டரால் செய்ததும் காதுக்கு ஒன்றே என்பது மின்னியலார் கட்சி. விலை பல மடங்கு ஏறினால் நாதம் ஏறாமல் எப்படி இருக்கும் என்பது அன்பர் கட்சி. மின்னியலாரிடம் கணக்கு இருக்கிறது. அன்பரிடம் அப்போதுதான் பற்றவைத்த ஈயத்தின் சூடு இருக்கிறது. எப்பக்கம் வெற்றி என்பது சொல்லாமலே விளங்கும்.

திருத்தவே கூடாது என்னும் மடத்தாரும் உளர். அவர்களுடைய ஆசாரியர் டெட்ராய்ட் மோடவுன் கம்பெனியின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் தம் 1962 பிரிசிஷன் பேஸில் அறுந்தாலொழியத் தந்தி மாற்றியதில்லை. வலக்கையில் ஆட்காட்டி விரல் ஒன்றே அவருக்குப் போதுமாயிருந்தது. பிரிட்ஜின்மேல் கவிழ்த்த பளபளக்கும் உலோக மூடியையும் அவர் எடுத்ததில்லை. அதன் உட்புறத்து நுரைப்பஞ்சு தந்தியை லேசாகத் தொட்டு, நாதத்தைக் குறுக்கி, முழவோசைபோல் ஆக்கிற்று. மற்றவர்களோ கைக்குத் தடையாகிறது என்று அம்மூடியை வாங்கிய அன்றே கழற்றி, சிகரெட் சாம்பல் தட்டவும் ஆணி போட்டு வைக்கவும் பயன்படுத்தித் தொலைத்தார்கள். அதனாலேயே இன்று, தொலைந்த அந்தத் தகரத்தைத் தனியே தேடி வாங்கி, பழைய துளைகளிலே பூட்டி, ‘பூர்வ உறுப்புகள் யாவும் உண்டு’ என்று எழுதுவதற்காக அன்பர்கள் பெரும்பொருள் செலவிடுகிறார்கள். எதிர்மடத்தின் ஆசாரியர் ஜாக்கோ பஸ்டோரியஸ். அவருடைய 1962 ஜாஸ் பேஸில் பிரெட்டுகள் பெயர்க்கப்பட்டு, பள்ளங்கள் களிம்பால் அடைக்கப்பட்டு, மேலே படகுக்குப் பூசும் எபாக்சி பூசப்பட்டிருந்தது. வணிகர் கணக்கில் இது சித்திரவதை. பேஸ் சரித்திரத்தில் இதற்கு மேற்பட்ட பேஸ் இல்லை. ஆகவே மீளாத் திருத்தத்தால் விலை குறையும் என்னும் பொதுவிதிக்கு, ‘திருத்தியவர் ஜாக்கோ அல்லராயின்’ என்று ஒரு சிறப்புவிதி சேர்த்துக்கொள்க.

இவ்விடத்தில் ஒரு தத்துவச் சிக்கல் எழுகிறது. கழுத்து ஒன்றிலிருந்தும், உடல் இன்னொன்றிலிருந்தும், பிக்கப் கடையிலிருந்தும் வந்தபின், இது எந்தப் பேஸ்? அவயவங்களுக்கு வேறாக அவயவி என்று ஒன்று உண்டு என்பர் நையாயிகர்; அவயவக் கூட்டமே உள்ளது, அவயவி என்பது வெறும் பெயர் என்பர் பௌத்தர். சந்தை ஐயத்துக்கு இடமின்றிப் பௌத்த பட்சத்தைச் சார்ந்திருக்கிறது. ஏனெனில் ஒரு பழம்பேஸை முழுமையாக விற்றால் வரும் தொகையைவிட, கழுத்து, உடல், பிக்கப், மூடி, குமிழ் என்று பிரித்து விற்றால் வரும் தொகை பலமுறை அதிகமாக இருக்கிறது. முழுமைக்கு விலை சூனியம் மட்டுமன்று, சூனியத்துக்கும் கீழே. நையாயிகர்க்கு இருக்கும் ஒரே ஆறுதல், தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், உடைந்த ஐந்து பேஸ்களின் மிச்சங்களைக் கூட்டி, பிராங்கன்ஸ்டைன் என்று பெயரிட்டு வாசித்த ஒரு பேஸ். 2002இல் அவர் மறைந்தபின் ஏலத்தில் அது ஒரே பொருளாகப் பெருவிலைக்குப் போயிற்று. அதை யாரும் ஐந்தாகப் பிரிக்கக் கேட்கவில்லை.

விற்பனை இயலில் கூறவேண்டியது கொஞ்சமே. செய்த திருத்தங்களுக்குச் செலவான தொகை விலையில் ஏறுவதில்லை என்பது இத்துறையில் எவரும் மறுக்காத ஒரே சித்தாந்தம். 300 டாலர் பேஸில் 250 டாலர் உறுப்புகளைப் பூட்டினால் கிடைப்பது நன்றாகத் தொனிக்கும் 300 டாலர் பேஸ். ஆகவே விற்பதற்கு முதல்நாள் இரவு அன்பர் புது உறுப்புகளை எல்லாம் கழற்றி, மேசை இழுப்பறையில் ஜிப் உறையிட்டு வைத்திருந்த பழையவற்றை மீண்டும் பற்றவைக்கிறார். பேஸ் முன்பிருந்தபடியே ஆகிறது. கழற்றுதல் இருமுறை நிகழ்ந்தது என்பதைத் தவிர உலகில் யாதொரு மாறுதலும் இல்லை. முன்னர்ப் பாக்கி வைத்த பிரயோஜனம் இதுவே என்று கொள்ளலாம். தேய்மானம் மட்டும் விலையைக் கூட்டும் என்று ஒரு காலத்தில் எவரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்பார்கள். ஆனால் 1995 முதல் பெண்டர் கம்பெனியின் கஸ்டம் ஷாப், புது மரத்தைச் சுரண்டி, உலோகத்தைத் துருவேற்றி, முப்பது வருஷம் கஷ்டப்பட்டதுபோல் ஆக்கி, கஷ்டப்படாத பேஸைவிட அதிக விலைக்கு விற்றுவருகிறது.

விற்றதையே மறுபடி தேடி வாங்குவோர் ஒரு தனி வகுப்பு. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரத்தில் வாங்கிய ஹோப்னர் பேஸ் 1972இல் களவுபோய், அவரிடம் திரும்பிய செய்தி 2024இல் வெளிவந்ததை இவர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுவர். அது களவு, இவர்கள் தாமாகவே விற்றவர்கள் என்னும் பேதத்தைச் சுட்டினால் பேச்சை மாற்றிவிடுவர். இவ்வகுப்பைச் சேர்ந்த அன்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் விற்றுவிட்ட தம் பேஸை, இடையில் மூன்று கை மாறியபின், விற்ற விலைக்கு மேல் கொடுத்து மீட்டு, வீட்டுக்கு வந்ததும் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். குழிவில் தாம் செருகிய கார்டு இல்லை. வேறொருவருடைய கார்டு இருந்தது. அதை எடுத்துவிட்டு, தம்முடையதை வைத்து, நான்கு ஸ்க்ரூக்களையும் முடுக்கி, தந்தி பூட்டாமலே அடுத்த பேஸின் விளம்பரத்தைப் படிக்கத் தொடங்கினார்.