வெறுங்கிளை இயல்: திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

பறவையோ விலங்கோ இருந்த இடத்தை, அது போன மறுகணத்தில் காட்டும் புகைப்படம் வெறுங்கிளைப் படம் எனப்படும். படத்தில் கிளை இருக்கும், இலை இருக்கும், கிளை இப்போதுதான் ஆடி நிற்கிறது என்பதைக் காட்டும் மங்கலும் இருக்கும். எதற்காகப் படம் எடுக்கப்பட்டதோ அது மட்டும் இராது. கிளை என்பது இங்கே ஆகுபெயர். மின்கம்பி, மதில், படித்துறைக் கல், நாணல், எருமையின் முதுகு அனைத்தையும் அது குறிக்கும்.

இது மூன்று வகைப்படும். சட்டகத்தில் உயிர் ஏதும் இல்லாதது முழு வெறுங்கிளை. ஓரத்தில் வாலோ, ஒரு சிறகின் நுனியோ மட்டும் சிக்கியது வால் வெறுங்கிளை. இலையா பறவையா என்று வீட்டார் மூன்று பேர் கூடியும் முடிவுக்கு வர முடியாதது ஐய வெறுங்கிளை.

இப்படங்களை உண்டாக்குபவர் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர். வார நாள்களில் வங்கியிலோ பள்ளியிலோ தொழிற்சாலையிலோ வேலை பார்ப்பவர். ஞாயிறு விடியலில் கழுத்தில் கேமராவும் முதுகில் பையுமாக, வண்டியைத் தெருமுனை வரை ஓசைப்படாமல் தள்ளிக்கொண்டு போய் அங்கே கிளப்புபவர். ஓசைப்படாமல் தள்ளுவதற்குப் பறவைகள் காரணம் அல்ல. வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்தால் பால் வாங்கி வரச் சொல்வார்கள்.

2. வரலாறு

மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் திருச்சிராப்பள்ளியையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்தார். உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு அறிஞரின் பெயரையே இவர் தாங்கியிருந்தார். பெயர்ப் பொருத்தம் இவ்வளவு அமைந்தும் இவர் படங்களில் பாறை, குளம், கோபுரம், மண்டபம் என்று அசையாத பொருள்களே ஆட்சி செய்கின்றன. மெழுகேற்றிய காகித நெகட்டிவில் ஒளி பதிய நெடுநேரம் பிடிக்கும். அதுவரை பொறுத்து நிற்கும் குணம் கல்லுக்கு உண்டு, காக்கைக்கு இல்லை. அன்றைய தெப்பக்குளக் கரையில் காக்கையே இல்லாதிருந்திருக்க வழியில்லை. அசைந்ததனால் அது பதியாமல் போனது என்றே கொள்ள வேண்டும். ஆகவே இவ்வட்டாரத்து வெறுங்கிளை மரபை 1858-இலிருந்து தொடங்குவது பொருந்தும். 1860-இல் மதராஸ் அரசாங்கம் செலவைக் காரணம் காட்டி அவருடைய பணியை நிறுத்திவிட்டது. கேமராச் செலவு குறித்து மேலிடத்திலிருந்து ஆட்சேபம் எழும் மரபும் அதே காலத்தது.

அடுத்தது படச்சுருள் காலம். ஒரு சுருளுக்கு 36 படம். கழுவவும் பிரதி எடுக்கவும் தனிக் காசு. ஒவ்வொரு வெறுங்கிளையும் பணம் கொடுத்துப் பெறப்பட்டதனால் எண்ணிக்கை கட்டுக்குள் இருந்தது. சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் எம். கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் காட்டு யானைகளை எடுத்த காலம் அது. பல கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவுக்கு அவர் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். பெயரிலேயே கனம் தெரியும். அத்தகைய கருவியைச் சுமப்பவர் பொத்தானை அமுக்குமுன் யோசிப்பார்.

டிஜிட்டல் கேமரா வந்தபின் யோசனை தேவையற்றதாயிற்று. நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கருவி, முழுச் சுருள் அளவுக்கான வெறுங்கிளைகளை நான்கு நொடிக்குள் தந்துவிடுகிறது.

3. திணைப் பகுப்பு

பழந்தமிழ் இலக்கணம் ஐந்திணை கூறி ஒவ்வொன்றுக்கும் முதல், கரு, உரி என்னும் பொருள்களை வகுத்தது. வெறுங்கிளையும் அந்த வகுப்புக்குள் பிசிறின்றி அடங்குகிறது.

குறிஞ்சி: மலைக்கோட்டை. 83 மீட்டர் உயரமுள்ள பாறை. கருப்பொருள் மாடப்புறா, பருந்து, கிளி. கீழிருந்து பருந்தின் வயிற்றை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு இங்கே அதன் முதுகைப் பார்க்கக் கிடைக்கும். ஆனால் நானூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறிய கையோடு எடுப்பதால் படத்தில் மூச்சிரைப்பும் சேர்ந்து பதியும். உரிப்பொருள் கூடல். பருந்தோடு அன்று, வெளியூர்க் குடும்பத்தோடு. கேமராவைக் கண்டதும் அவர்கள் வந்து, “சார், எங்களையும் சேத்து ஒண்ணு எடுங்க” என்பார்கள். எடுத்து முடிப்பதற்குள் பருந்து சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்டியிருக்கும்.

முல்லை: மேலூர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, காப்புக்காட்டில் வனத்துறை அமைத்து 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்குமிடம். உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். வண்ணத்துப்பூச்சி தன் உடற்சூட்டை வெயிலிலிருந்து பெறுவது. இறகை விரித்துக் காய்ந்து சூடேறிய பிறகே பறக்கும். பறவைக்காக ஐந்து மணிக்கு எழுந்து பழகியவர் இந்த உண்மையை இங்கேதான் கற்கிறார். பூச்சி பறக்கத் தொடங்கும்போது அவர் கொண்டுவந்த இட்லி தீர்ந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும்.

மருதம்: உய்யக்கொண்டான் வாய்க்கால், வயலூர்ச் சாலை ஓரத்து வயல்கள், வாழைத் தோட்டங்கள். கருப்பொருள் மடையான், உண்ணிக்கொக்கு, அரிவாள் மூக்கன், மீன்கொத்தி. டிராக்டர் ஓடினால் கிளம்பும் பூச்சிக்காக அதன் பின்னாலேயே கொக்குகள் நடக்கும். அந்த இரைச்சலுக்கு அஞ்சாத கொக்கு, முந்நூறு அடிக்கு அப்பால் லென்ஸ் மூடி திறக்கும் சத்தத்துக்கு எழுந்துவிடும். உரிப்பொருள் ஊடல். அது வயலில் நிகழ்வதில்லை. ஒன்பதரை மணிக்கு, பால் இல்லாமல் வீடு திரும்பும்போது நிகழ்கிறது.

நெய்தல்: திருச்சிக்குக் கடல் இல்லை. ஆகவே நீர்ப்பரப்பு அகன்று விரியும் முக்கொம்பை நெய்தலாகக் கொள்க. 1830-களில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டிய இந்த இடத்தில்தான் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கருப்பொருள் நீர்க்காகம், பாம்புத்தாரா, நாமக்கோழி. கரிய உடலில் நெற்றி மட்டும் வெளுத்திருப்பதால் வந்த பெயர் நாமக்கோழி. அந்த நாமம் வடகலையா தென்கலையா என்பது தெளிவாகும் அளவுக்குக் கிட்டத்தில் எடுக்கப்பட்ட படம் அரிது. உரிப்பொருள் இரங்கல். பாம்புத்தாரா இறகை விரித்துக் காயவைக்கும் நேரத்தில் பேட்டரி தீர்வதாலும், மாற்றுப் பேட்டரி வீட்டுச் சார்ஜரிலேயே இருப்பதாலும் உண்டாவது.

பாலை: கோடையில் கொள்ளிடம். வெள்ளம் வந்தால் சுமப்பதற்கென்றே ஆன ஆறு, மற்ற நாள்களில் பெரும்பாலும் மணல். கருப்பொருள் ஆள்காட்டிக் குருவி. தரையில் கூழாங்கற்களோடு கற்களாக முட்டையிட்டுவிட்டு, ஆள் வருவது தெரிந்தால் ஊரைக் கூட்டும். புகைப்படக்காரர் குனிந்தோ தவழ்ந்தோ போனாலும் அது அறிவித்துவிடுவதால் சுற்றுவட்டாரத்துக் கொக்கு, நாரை அனைத்தும் எழுந்துவிடுகின்றன. உரிப்பொருள் பிரிதல். முட்டை இருக்கும் இடத்தில் ஆள் நெடுநேரம் நின்றால் தாய்ப்பறவை வெயிலில் முட்டையை விட்டு விலகியே இருக்கும். எனவே இத்திணையில் புகைப்படக்காரர் பிரிந்து செல்வதே முறை.

4. காரணம்

வெறுங்கிளை தற்செயலாக நேர்வது என்று பலர் கருதுகின்றனர். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை.

36 மி.மீ. அகலச் சென்சாரும் 300 மி.மீ. லென்ஸும் கொண்ட கேமராவை எடுத்துக்கொள்வோம். 20 மீட்டர் தொலைவில் மின்கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி அமர்ந்திருக்கிறது. அந்தத் தொலைவில் சட்டகத்துக்குள் அடங்கும் அகலம் 2.4 மீட்டர். பறவை நட்டநடுவில் இருந்தால் ஓரத்துக்கு 1.2 மீட்டர். அது எழுவதைக் கண் கண்டு, விரல் பொத்தானை அமுக்க ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். பறவையின் வேகம் நொடிக்கு 8 மீட்டர் என்று கொண்டால் அதற்குள் 1.6 மீட்டர் கடந்துவிடும். எஞ்சுவது கம்பி.

இந்த நிலையைச் சரிசெய்யவே புகைப்படக்காரர் கடன் வாங்கி 600 மி.மீ. லென்ஸ் வாங்குகிறார். சட்டகத்தின் அகலம் 1.2 மீட்டராகச் சுருங்குகிறது. முன்பு ஓரத்தைத் தொட 0.15 நொடி எடுத்துக்கொண்ட பறவைக்கு இப்போது 0.075 நொடி போதும். லென்ஸின் விலை ஏற ஏற வெறுமை விரைந்து வருகிறது.

கைப்பேசியில் எடுப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. 26 மி.மீ. லென்ஸுக்கு நிகரான அதன் பார்வையில் அதே தொலைவில் ஏறக்குறைய 28 மீட்டர் அகலம் அடங்கும். பறவை எழுந்தாலும் படத்துக்குள்தான் இருக்கும். ஆனால் மீன்கொத்தியின் நீளம் 28 செ.மீ. படத்தின் அகலத்தில் நூறில் ஒரு பங்கு. தமிழில் புள் என்றால் பறவை. கைப்பேசிப் படத்தில் அது புள்ளி.

கணக்குக்கு அப்பால் மனக்காரணம் ஒன்றும் உண்டு. ‘இன்னும் ரெண்டடி கிட்டப் போகலாம்’ என்னும் எண்ணமே அது. உய்யக்கொண்டான் கரையில் ஒரு காலையில் கிடைக்கும் மாதிரி வரிசை இதை விளக்கும். முதல் படம்: தொலைவில் நீலப் பொட்டு. இரண்டாவது: அதே பொட்டு, சற்றே பெரிது. மூன்றாவது: முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கருவேல முள் துல்லியம், பின்னால் நீல மங்கல். நான்காவது: மொபெட்டை நிறுத்தி, “என்ன தம்பி, பாம்பா?” என்று கேட்பவரின் தோள். ஐந்தாவது: மீன்கொத்தி கேமராவை நேராகப் பார்க்கிறது, ஃபோகஸ் இன்னும் தோளிலேயே நிற்கிறது. ஆறாவது: கம்பி. ஏழாவது: கரை மண்ணும் வலது கால் செருப்பும். ஏழாவது படம் தவறுதலாக அமுங்கியது. வரிசையிலேயே மிகத் தெளிவாக விழுந்ததும் அதுதான்.

5. விதிவிலக்குகள்

வெறுங்கிளை தராத உயிர்களும் உண்டு. அவற்றில் தலையாயது யானை. ஐப்பசி மாதத்தில் ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் திருமஞ்சன நீர் யானைமீது வருகிறது. அம்மா மண்டபம் சாலையில் அதை எடுக்க நிற்பவருக்கு உயிர் சட்டகத்துக்கு வெளியே போய்விடும் கவலை இல்லை, சட்டகம் உயிருக்குள் போய்விடும் கவலைதான். பறவைக்கென்று மாட்டிய லென்ஸைக் கழற்ற நேரமின்றி எடுத்த படங்களில் ஒரு காது, ஒரு முழங்கால், பட்டையின் ஒரு நுனி ஆகியன தனித்தனியே கிடைக்கும்.

யானைக்கு ஏற்ற லென்ஸ் சிலந்திக்கு ஆகாது. இந்தச் சிக்கலைத் திருவானைக்காவின் தலபுராணம் நெடுங்காலம் முன்பே பேசியிருக்கிறது. அங்கே லிங்கத்தின்மேல் சிலந்தி வலை பின்ன, யானை அதைக் கலைக்க, இரண்டுக்கும் மூண்ட பகையில் இரண்டும் மாண்டன. சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகி யானை புக முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது. மேக்ரோ லென்ஸோடு மல்லிகைச் செடிக்குள் தலையைவிட்டு மணிக்கணக்கில் கிடப்பவரும், நீள லென்ஸோடு ஆற்றங்கரையில் அலைபவரும் ஒரே வண்டியில் புறப்பட்டால் அந்தப் பகையின் சிறு வடிவத்தை இன்றும் காணலாம்.

ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதி, உத்தர வீதி மாடுகள் அசையாமையில் ட்ரைப் காலத்துக் கல்லுக்கு நிகரானவை. எடுக்க எண்ணாதபோதும் படத்துக்குள் வந்து நிற்பது அவற்றின் தனி இயல்பு. எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுவும் ஓடாது. ஆனால் அது இலையைத் தின்றுகொண்டே இருப்பதால், நாள்தோறும் எடுத்துவந்தால் இறுதியில் உயிர் இருந்து கிளை இல்லாத படம் கிடைக்கும். இதை எதிர்மறை வெறுங்கிளை எனலாம்.

வளர்ப்பு உயிர்களில் நாய் அழைக்காமலே ஓடி வந்து லென்ஸை முகரும். விளைவு மூக்குப் படம். பூனை கேமரா உயரும்வரை அழகாக அமர்ந்திருந்து, உயர்ந்ததும் முதுகைக் காட்டும். கிளி இப்பட்டியலில் சேராது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம்நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். அதன் வெறுங்கூடே சட்டத்துக்கு உகந்த படம்.

ஸ்ரீரங்கத்தில் செம்பருந்து தனி வகை. அங்கே அது கருடன். கண்டவர் கன்னத்தில் போட்டுக்கொள்வது வழக்கம். புகைப்படக்காரரின் இரு கைகளும் கேமராவில் இருப்பதால் பக்தியும் கலையும் ஒரே நொடிக்குப் போட்டியிடும். பெரும்பாலும் பக்தி வெல்லும், கழுத்துப் பட்டையில் கேமரா தொங்கும், வானம் மிஞ்சும்.

6. பயன்

வெறுங்கிளைப் படத்தின் முதல் பார்வையாளர் வீட்டார். அவர்கள் கேட்பது “பறவை எங்கே?” என்ற ஒரே கேள்வி. படத்தை இரு விரலால் விரித்துக் காட்டுவது, சிவப்பு வட்டம் போடுவது, ‘இப்பதான் பறந்துச்சு’ என்று சாட்சி சொல்வது ஆகிய மூன்றும் வழக்கமான விடைகள். மூன்றாலும் ஐயம் தீர்ந்ததில்லை.

கேள்வியை “கிளை எது?” என்று மாற்றினால் பயன் தெரியும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் தோன்றிய இராபினாட் உலர்தாவரக் காப்பகம், கே.எம். மேத்யூ அடிகளார் தமிழகத்துத் தாவரங்களைத் தொகுத்த பணிக்கு நிலைக்களம். அங்கே ஒரு கிளையைக் கொண்டுவந்து சேர்ப்பவர் அதை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, இடமும் நாளும் குறிக்க வேண்டும். வெறுங்கிளைப் படத்தில் இலை, காம்பு, கணு, பட்டை தெளிவாக இருக்கின்றன. நாளையும் நேரத்தையும் கேமராவே குறித்துவிடுகிறது. கிளையை ஒடிக்கவும் வேண்டியதில்லை.

பத்தாண்டு காலம் ஞாயிறுதோறும் அலைந்தவரின் ஹார்டு டிஸ்க்கைத் திறந்தால் காவிரிக் கரையின் நீர்மருது, புங்கம், வேம்பு, அரசு, கருவேலம், நாணல் எல்லாம் பருவவாரியாக அடுக்கியிருக்கும். ஆறுகளுக்கு இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவில் ஒரு கோயிலுக்குப் புன்னையும் இன்னொன்றுக்கு வெண்ணாவலும் தலமரம். மரத்தை முன்வைத்தே தன்னை அறியும் ஊரில் இது பொருந்தாத தொகுப்பு ஆகாது. செய்ய வேண்டிய திருத்தம் கோப்புப் பெயரில் மட்டும்: ‘மீன்கொத்தி 214’ என்று இருப்பதை ‘நீர்மருது, மேலூர், காலை 6.42’ என்று மாற்றி எழுதிவிடலாம்.