எண்ண வருவோர் கவனத்துக்கு

பெறுநர்: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் அவர்கள், புது தில்லி.
பொருள்: எங்களை எண்ணுவது தொடர்பாக.

ஐயா,

முதலில் நன்றி. தாங்கள் கடைசியாக எங்கள் வாசலுக்கு ஆள் அனுப்பியது 2011 பிப்ரவரியில். அப்போது எனக்கு வயது 41. தங்கள் ஏட்டில் இன்றைக்கும் அதே 41தான். தலைச்சாயமும் கீரைச்சாறும் சாதிக்காததைத் தங்கள் அலுவலகம் சாதித்திருக்கிறது. எதிர்வீட்டுத் தாத்தா காலமாகிப் பல வருடம் ஆகிறது. தங்கள் கணக்கில் இன்னும் காலை நடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவருடைய பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தங்கள் கணக்கில் அவள் பிறக்கவே இல்லை.

1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் தலை எண்ணிய நாடு இது. உலகப்போர் நடந்த 1941இல்கூட எண்ணினார்கள். 2021இல் கொரோனா என்று ஒத்திவைத்தீர்கள், நியாயம். அதன்பின் தேர்தல் நடந்தது, கும்பமேளா நடந்தது, ஐபிஎல் நடந்தது. கணக்கெடுப்பு மட்டும் முகக்கவசத்தைக் கழற்ற மறந்துவிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 81 கோடிப் பேருக்கு மானிய தானியம் என்று வரம்பு கட்டியது 2011 கணக்கை வைத்துத்தான். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு வயிறு உண்டா என்பது ஏதோ ஒரு கோப்பில் நிலுவையில் இருக்கிறது போலும்.

போகட்டும். இப்போது வருகிறீர்கள். 2027 மார்ச் 1 என்று நாள் குறித்தாகிவிட்டது. தெருவாசிகளைத் தயார்ப்படுத்தும் வேலையைக் குடியிருப்போர் நலச்சங்கம் என் தலையில் கட்டிவிட்டது. நிலவரம் பின்வருமாறு.

போன வீட்டிலெல்லாம் முதல் கேள்வி: "எதுக்கு சார் இதெல்லாம்? சொத்து வரியை ஏத்தவா?" அடுத்தது: "ஏசி இருக்குன்னு சொன்னா ரேஷன் கார்டை எடுத்துருவாங்களா?" இவர்களைக் குறைசொல்ல முடியாது. கடன் வேண்டுமா என்று கேட்பவர், பார்சல் வந்திருக்கிறது என்பவர், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவர் என்று ஆளாளுக்கு இவர்களிடம் விவரம் வாங்கியிருக்கிறார்கள். அதில் நல்லது எதுவும் விளைந்ததில்லை. ஆனால் 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தில் 15ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கணக்கெடுப்பில் நாங்கள் சொல்வதை வேறு எவரும் எடுத்துப் பார்க்க முடியாது, வேறு வழக்குகளில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. வரித்துறைக்கும் கிடையாது, வட்டாட்சியருக்கும் கிடையாது. தெருவில் நான் சொல்லும்வரை இது ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் விவரங்களைக் காக்கும் பிரிவையே இவ்வளவு ரகசியமாகக் காத்துவரும் அலுவலகத்தை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்று கேட்டேன். பாதிப்பேர் ஒப்புக்கொண்டார்கள். மீதிப்பேரிடம், மறுத்தால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்றேன். "ஹெல்மெட் போடலைன்னாலும் அதேதானே" என்றார் ஒருவர். கட்டிப் பழகியவர்.

மூன்றாம் வீட்டுப் பாட்டியின் சங்கடம் வேறு. அறுபது வருடமாகத் தாத்தாவின் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. இப்போது கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்து கேட்டால்? அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. வழக்கப்படி சொல்லக்கூடாத கணவன் பெயரைச் சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 8ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறார்கள். பாட்டிக்கு ஒரே பூரிப்பு. "தில்லியிலேயும் நம்மளை மாதிரி ஆளுங்க இருந்திருக்காங்க" என்றார்.

வீட்டுப்பட்டியலுக்கான 33 கேள்விகளில் எங்களைத் திணறடித்தவை இரண்டு. வீட்டில் முக்கியமாக உண்ணும் தானியம் எது? ஒரு வீட்டில் கணவர் அரிசி என்றார். மனைவி, சர்க்கரை வந்ததிலிருந்து கோதுமை என்றார். விசாரித்ததில் கணவர் தினமும் முக்குக்கடையில் ரகசியமாகப் பொங்கல் சாப்பிடுவது வெளிப்பட்டுவிட்டது. 15ஆம் பிரிவு மனைவியிடமிருந்து காப்பாற்றாது. இன்னொன்று, வீட்டில் வசிக்கும் தம்பதிகள் எத்தனை ஜோடி? பேச்சுவார்த்தை இல்லாத ஜோடியை எண்ணலாமா என்று இரண்டு வீடுகளிலிருந்து எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

சாதிக் கேள்வி பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. சாதியை முழுமையாக எண்ணி வெளியிட்டது கடைசியாக 1931இல். 2011இல் தனியாக ஒரு கணக்கெடுப்பில் கேட்டீர்கள், சொன்னோம். அந்தச் சாதி விவரம் மட்டும் இன்றுவரை வெளியே வரவில்லை. இந்த முறை வாங்கிக்கொண்டால் அச்சிலும் போட்டுவிடுங்கள்.

உண்மையான சிக்கல் எங்கள் ஓய்வுபெற்ற மாமாதான். "நாமிருவர் நமக்கிருவர்னு சிவப்பு முக்கோணம் போட்டாங்க. ரெண்டோட நிறுத்தினோம். இப்போ தலை கம்மி, தொகுதியும் கம்மின்னா? எண்ணவே விடமாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். கோபத்தில் நியாயம் இருக்கிறது. மக்களவைத் தொகுதிகள் மாநிலத்துக்கு இத்தனை என்பது 1971 கணக்கோடு நிறுத்தப்பட்டதே, பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்றுதான். ஆனால் கதவைச் சாத்தினால் தமிழ்நாட்டின் 39 எப்படி ஏறும்? எண்ணும்போது நான்கு தலை இல்லாமல் போவதுதான் மிச்சம். கூட்டிக் கழித்துக் காட்டியதும் மாமா திறந்தார்.

திறந்ததோடு நிற்கவில்லை. தெருமுனையில் அடுக்குமாடி கட்டும் இடத்தில் தகரக் கொட்டகையில் முப்பது தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். பீகார், ஒடிசாப் பிள்ளைகள். சத்தம், பீடி, பாட்டு என்று சங்கத்துக்கு மாமா கொடுத்த புகார்களைத் தனியாகக் கோப்புப் போட்டு வைத்திருக்கிறோம். வழக்கமாக எங்கே குடியிருக்கிறார்களோ அங்கேதான் எண்ணப்படுவார்கள் என்று நான் வாய்தவறிச் சொன்னதுதான் தாமதம். மறுநாள் சாயங்காலம் தூக்குவாளியில் டீயோடு மாமா கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார். "ஊருக்குப் போறதெல்லாம் மார்ச்சுக்கு அப்புறம் பாத்துக்கலாம், தம்பி" என்று கையும் இந்தியுமாக விளக்குகிறார். கேட்டால், "முப்பது பேருய்யா, முழுசா முப்பது" என்கிறார். அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு நாங்கள் இதுவரை எழுதாத மனுவை இப்போது மாமாவே எழுதிக்கொண்டிருக்கிறார். இப்படியொரு தேசிய ஒருமைப்பாட்டைத் தங்கள் அலுவலகம் திட்டமிட்டே செய்ததா என்று தெரிவிக்கவும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எண்ண வரப்போவது வழக்கம்போல எங்கள் பள்ளி ஆசிரியர்கள்தான். அவர்களைப் பகல் பன்னிரண்டு மணிக்கு அனுப்பாதீர்கள். வீடுகள் பூட்டிக் கிடக்கும், நாய்கள் மட்டும் பூட்டாமல் கிடக்கும். சாயங்காலம் அனுப்புங்கள், மோர் தருகிறோம். அப்படியே, பிப்ரவரியில் டீச்சர் எங்கள் தெருவில் தலை எண்ணிக்கொண்டிருந்தால், தேர்வு நெருங்கும் நேரத்தில் ஐந்தாம் வகுப்பில் தலை எண்ண யாரை அனுப்புவதாக உத்தேசம் என்பதையும் தெரியப்படுத்தினால், பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
நலச்சங்கத்தில் வேறு யாரும் முன்வராததால் செயலாளரானவன்