ப்ராக்ஸி அண்ணன்

2008 வாக்கில் பொறியியல் கல்லூரி விடுதியில் காலம் தள்ளியவர்களுக்கு இவரைத் தெரியும். இறுதியாண்டு. பெயர் ஏதோ இருக்கும். ஜூனியர்களுக்கு ப்ராக்ஸி அண்ணன்.

புது லேப்டாப்பில் கேபிளைச் செருகி ஆர்குட் என்று தட்டினால் ஒன்றும் வராது. விடுதியில் எந்தக் கணினியும் நேராக இணையத்துக்குப் போக முடியாது. கல்லூரியின் ஸ்குவிட் ப்ராக்ஸி சர்வரிடம் கேட்க வேண்டும்; அது போய் வாங்கி வந்து கொடுக்கும். அந்த சர்வரின் முகவரியை பிரவுசருக்குச் சொல்லிவிட்டால் போதும். அதைச் சொல்வதுதான் அண்ணனின் ஏகபோகம்.

"அண்ணா, நெட் வரலண்ணா."

"ஐஇயா, ஃபயர்ஃபாக்ஸாடா?" நாடி பார்க்கும் வைத்தியர் தோரணை.

லுங்கியோடு வருவார். உட்கார்ந்திருப்பவனை எழுப்பிவிட்டு உட்காருவார். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, நெட்வொர்க், செட்டிங்ஸ் என்று விறுவிறுவென உள்ளே போவார். முகவரி அடிக்கும்போது இடது தோள் லேசாகச் சாயும், திரை மறைந்துவிடும். போர்ட் 3128 அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அதே முகவரி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது என்பது வேறு விஷயம். நோட்டீஸ் போர்டை எவன் படித்தான்?

'நோ ப்ராக்ஸி ஃபார்' கட்டத்தில் 127.0.0.1 முன்பே இருக்கும். "இத மட்டும் அழிச்சிராத" என்பார். ஏன் என்றால், "போகப் போகப் புரியும்." கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் முகவரி அது, நடுவில் ஆள் எதற்கு? காரணம் அண்ணனுக்கும் தெரியாது என்பது என் சந்தேகம். கட்டணம், ஒரு டீ, இரண்டு பஜ்ஜி.

சர்வர் படுத்த அன்று எல்லா அறையும் அவர் வாசலில் நிற்கும். "சொல்லியிருக்கேன், பாத்துட்டிருக்காங்க" என்பார். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

பொங்கலுக்கு ஊர் போனவன் போன் செய்வான்: "அண்ணா, வீட்ல ஐஇ ஓடுது, ஃபயர்ஃபாக்ஸ் ஓடல." ஐஇ விண்டோஸின் செட்டிங்ஸைப் பார்க்கும், ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று தனியாக வைத்திருக்கும். அதில் கல்லூரி முகவரி அப்படியே இருக்கிறது. 'நோ ப்ராக்ஸி'யில் ஒரு புள்ளி வைத்தால் தீர்ந்தது. அண்ணன் அதைச் சொல்வாரா? "காலேஜ் வா, பாத்துக்கலாம்." வந்து கேபிளைச் செருகியதும் தானாகவே ஓடும்.

"பாத்தியா?" என்பார். அதற்கும் பஜ்ஜி.

இப்போது இவர் உங்கள் அலுவலகத்தில்தான் இருப்பார். தாராளமாக பஜ்ஜி வாங்கிக் கொடுங்கள். நிற்கும்போது மட்டும் வலது பக்கமாக நில்லுங்கள்.