தாத்தாவின் மூக்கு வரைக்கும் ஜூம் போகலாமா?

கே: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பழைய போட்டோக்களைக் கோத்து வீடியோ செய்கிறேன். எல்லாப் படத்துக்கும் ஜூம் வைத்தேன். பார்த்தவர்கள் கொட்டாவி விடுகிறார்கள்! (வாசகி, காரைக்குடி)

ப: விடாமல் என்ன செய்வார்கள்? முதல் படத்துக்கு வைத்த ஜூமை மற்ற எல்லாவற்றுக்கும் காப்பி-பேஸ்ட் செய்திருப்பீர்கள். ஒவ்வொரு படத்திலும் யாரைக் காட்ட வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். குடும்ப குரூப் போட்டோவா? ஓரத்தில் அரை டிராயரோடு முறைத்துக்கொண்டு நிற்கும் பையனின் முகத்தில் தொடங்கி, மெதுவாக வெளியே வாருங்கள். 'யார் இந்தப் பொடியன்?' என்று சபை யோசிக்கும்போதே தாத்தா, பாட்டி, அத்தைமார் என்று குடும்பமே வந்து நிற்கும். அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படத்தில் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. அதை அசைக்காமல் விடுங்கள். தாத்தாவின் மூக்குத் துவாரம் வரை போவது ஈ.என்.டி. டாக்டரின் வேலை.

கே: அசையாப் படத்தின் மேல் இப்படி ஜூம் போவதைக் 'கென் பர்ன்ஸ் எஃபெக்ட்' என்கிறார்களே, அவர்தான் கண்டுபிடித்தாரா?

ப: இல்லை. அவர் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி 1990-இல் அவர் எடுத்த 'தி சிவில் வார்' தொடரில் இந்த உத்தி பெரும் பேர் வாங்கியது. அந்தப் போர் 1865-இல் முடிந்துவிட்டது. அப்போது சினிமாவே கிடையாது. கையில் இருந்ததெல்லாம் அசையாப் படங்கள்தான். ஆனால், 1957-லேயே கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 'சிட்டி ஆஃப் கோல்ட்' படத்தில் பழைய போட்டோக்கள் மேல் கேமராவை ஊர விட்டிருந்தது. அதன் பாதிப்பைப் பர்ன்ஸே சொல்லியிருக்கிறார். ஆப்பிளின் எடிட்டிங் சாஃப்ட்வேரான ஐமூவியில் இந்த உத்திக்கு அவர் பெயரை வைக்க ஸ்டீவ் ஜாப்ஸ் அனுமதி கேட்டபோது, விளம்பரத்துக்குப் பெயர் தருவதில்லை என்று முதலில் மறுத்தார். பிறகு, சேவை அமைப்புகளுக்குக் கொடுக்கக் கம்ப்யூட்டர்களை வாங்கிக்கொண்டு சம்மதித்தார். நல்ல வியாபாரம்!

கே: கீஃப்ரேம் என்றாலே தலை சுற்றுகிறது.

ப: இரண்டே புள்ளிதான். தொடக்கத்தில் படம் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? முடிவில் எப்படி? நடுவில் உள்ளதை சாஃப்ட்வேரே போட்டுக்கொள்ளும். கைன்மாஸ்டரில் தொடக்க நிலை, முடிவு நிலை என்று தனித்தனியாகவே கேட்கும். டாவின்சி ரிசால்வின் 'டைனமிக் ஜூம்' தொடக்கத்துக்குப் பச்சைக் கட்டம், முடிவுக்குச் சிவப்புக் கட்டம் என்று காட்டும். 'ஈஸ்' வசதியைப் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் படம் டவுன் பஸ் போல வெடுக்கென்று கிளம்பி வெடுக்கென்று நிற்கும்.

கே: ஜூம் செய்தால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஏன்?

ப: படம் வாட்ஸ்அப்பில் வந்ததா? அங்கேயே பாதி உயிர் போயிருக்கும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வீடியோவின் அகலம் 1920 பிக்சல். 12 மெகாபிக்சல் போன் படத்தின் அகலம் ஏறக்குறைய 4000. அதாவது இரண்டு மடங்கு வரை தைரியமாக உள்ளே போகலாம். அதற்கு மேல் போனால், இல்லாத பிக்சலை சாஃப்ட்வேர் கற்பனை செய்யும்.

கே: ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' ஜூமை எடிட்டிங்கில் கொண்டுவர முடியுமா?

ப: ஒரே போட்டோவை வைத்துக்கொண்டு வெறும் ஜூமால் முடியாது. 1958-இல் வந்த அந்தப் படத்தில் கேமரா நகர்ந்தது. அதே நேரம் லென்ஸ் எதிர்த்திசையில் ஜூம் ஆனது. அதனால்தான் ஆழம் இழுபட்டது. போட்டோவில் ஆளும் பின்னணியும் ஒரே தாளில் ஒட்டிக் கிடக்கின்றன. ஆளைத் தனியாக வெட்டியெடுத்து, பின்னணியில் விழும் ஓட்டையை அடைத்து, இரண்டையும் வேறு வேறு வேகத்தில் நகர்த்தினால் ஓரளவு ஏமாற்றலாம்.

கே: எங்கள் கல்யாண வீடியோவில் எடிட்டர் என்னை விட்டுவிட்டு மொய் எழுதுபவரை ஜூம் செய்திருக்கிறார்!

ப: ஆக்‌ஷன் இருந்த இடத்துக்குப் போயிருக்கிறார்.

கே: இதற்கெல்லாம் காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

ப: வேண்டாம். ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். அந்தக் காசை ஸ்கேனுக்குச் செலவழியுங்கள். 6×4 அங்குலப் பிரிண்டை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 3600 பிக்சல் அகலம் கிடைக்கும். படம் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். ஆல்பத்தோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள்.