தப்பீர் காணச் செல்லுதல்: ஆறாம் திணை பற்றிய ஓர் ஆய்வு

முன்னோர் வகுத்த ஐந்திணையில் செம்பனைக்கு இடமில்லை. கோலசிலாங்கூரை விட்டு புக்கிட் ரோத்தான் தாண்டி பெஸ்தாரி ஜெயா வரை போனால், கண்ணுக்கெட்டிய மட்டும் அதுதான் நிற்கிறது. இதில் தொல்காப்பியர்மேல் குற்றமில்லை. தென்னமரம் தோட்டத்தில் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையைப் பயிரிட்டதே 1917இல்தான். ஆகவே செம்பனையும் செம்பனை சார்ந்த இடமும் ஆறாம் திணை என்று கொண்டு, அதற்கு இலக்கணம் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். நூற்பா வருமாறு:

கேட்டன காண்டலும் கண்டன மிகுத்தலும்
கூட்டமாய்ச் செல்லலும் செம்பனைக் குரிய.

இது என் நுதலிற்றோ எனின், தோட்டத்துக்குள் தப்பீர் வந்திருப்பதாகச் சேதி கேட்ட குடும்பம் செய்வது உணர்த்துதல் நுதலிற்று. 'கண்டன மிகுத்தலும்' என்ற உம்மையால் காணாதன மிகுத்தலும் கொள்க.

கருப்பொருள் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தெய்வம் முனியாண்டி. உணவு நாசி லெமாக் பொட்டலம். புள், எலி பிடிப்பதற்காகத் தோட்டத்தில் பெட்டி கட்டி வைத்திருக்கும் கூகை. பறை, பழைய கஞ்சில் காடியின் ஹார்ன். அந்தக் காடியில் பாட்டி முன் சீட். பின்னால் எத்தனை பேர் என்பது ஆய்வாளரிடையே இன்னும் முடிவாகாத கேள்வி.

பொழுதில்தான் சிக்கல். தப்பீர் இரவு உலாவும் பிராணி. பகலில் புதரிலோ தண்ணீரிலோ கிடக்கும். குடும்பத்துக்கு வாய்ப்பதோ ஞாயிறு பசியாறிய பிறகு பதினொரு மணி. ஆகவே சென்றவர் கேட்பதும் நின்றவர் சொல்வதும் எல்லாத் தோட்டத்திலும் ஒன்றே:

"அண்ணே, எங்க இருக்கு?"

"இப்பத்தான் தம்பி போச்சு. ஒரு அஞ்சு நிமிசம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்."

இந்த ஐந்து நிமிடம் எந்த நேரத்தில் போனாலும் மாறாது.

இனிச் சான்று. விலங்கு போனாலும் பாரிட் ஓரச் சேற்றில் தடம் கிடக்கும். அங்கே மாமா குந்தி உட்கார்ந்து விரலை எண்ணி மூன்று என்பார். சித்தப்பா இரண்டடி தள்ளி நின்று நான்கு என்பார். மாமா காண்டாமிருகம் என்பார், சித்தப்பா அது இல்லை என்பார். திரும்பும் வழியெல்லாம் இருவரும் பேச்சை விடமாட்டார்கள். உண்மையில் தப்பீருக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. முன்காலின் நான்காவது விரல் சிறியது, மண் இளகியிருந்தால்தான் பதியும். அதோடு அது காண்டாமிருகத்துக்கும் குதிரைக்கும் பங்காளி முறை. பன்றிக்கோ யானைக்கோ அல்ல, மூக்கு எப்படி நீண்டிருந்தாலும் சரி. ஆக இருவர் எண்ணியதும் சரி, காண்டாமிருகம் என்ற மாமாவும் உறவு முறையில் பாதி சரி. இதை அங்கேயே எடுத்துச் சொல்லும் ஆய்வாளருக்கு அடுத்த முறை காடியில் இடம் கிடைக்காது.

அது ஏன் வருகிறது என்பதைக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. வட சிலாங்கூரின் சதுப்புக் காடு, ராஜா மூசா வனம் உட்பட, எழுபதாயிரம் ஹெக்டருக்கு மேல். அதைச் சுற்றிலும் தோட்டம், வயல், சாலை. தண்ணீரை வடிக்க வெட்டிய பாரிட்டுகளால் மண் காய்ந்து, வெயில் காலத்தில் தீயும் பிடிக்கிறது; தப்பீர் வெளியே வருகிறது. சுமார் முந்நூறு கிலோ எடையுள்ள, கண்பார்வை மங்கிய அந்தப் பிராணி சாலையைக் கடக்கும்போது லாரிக்குத் தெரிவதில்லை. அதன் கறுப்பு வெள்ளை இருட்டில் உருவத்தை மறைத்துவிடுகிறது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அதிகாரிகள் கூண்டோடு வந்து எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்வது நியாயம்தான். 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி தப்பீர் முழுப் பாதுகாப்புப் பெற்றது. காயம்பட்டவற்றைக் கொண்டுபோகும் சுங்கை டூசுன் ஒரு காலத்தில் காண்டாமிருகத்துக்காக ஏற்பட்ட நிலையம். 2003இல் அங்கிருந்த காண்டாமிருகங்கள் எல்லாம் செத்துப் போயின.

இனி உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல். செம்பனைக்குக் 'கண்டதாகச் சொல்லுதலும் சொல்லுதல் நிமித்தமும்'. காண்பது முக்கியமில்லையா என்று கேட்பவர்க்கு விடை இந்த விலங்கின் வரலாற்றிலேயே இருக்கிறது. பெரிய நாலுகால் பிராணிகளில் இனிப் புதிதாக ஒன்று அகப்படுவது அரிது என்று 1812இல் பாரிசில் விலங்கியலாளர் குவியே எழுதிவைத்தார். ஆனால் மலாக்காவில் அதிகாரியாக இருந்த வில்லியம் பர்குவார் தப்பீரைக் கண்டது மட்டுமல்ல, வீட்டிலேயே வளர்த்தார். அது சாப்பாட்டு மேசைக்கு வந்து ரொட்டிக்கும் கேக்குக்கும் காத்து நிற்குமாம். 1816இல் கல்கத்தா ஆசியக் கழகத்துக்கு விவரமாக எழுதியும் அனுப்பினார். அவர்கள் அதை ஆற அமர 1820இல் அச்சிட்டார்கள். அதற்குள் தியார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து குவியேவுக்குச் சேதி அனுப்ப, 1819இல் தெமாரே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் பெயர் சூட்டிவிட்டார். இன்றும் அந்த அறிவியல் பெயருக்குப் பக்கத்தில் நிற்பது தெமாரேயின் பெயர்தான்.

எனவே தப்பீரைக் கண்டவரும், தடத்தைக் கண்டவரும், ஐந்து நிமிடத்தில் தவறவிட்டவரும் பெஸ்தாரி ஜெயா சாலை விளக்கு சிவப்பில் இருக்கும்போதே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நிதானமாக எழுதலாம் என்றிருப்பவருக்குப் பர்குவார் கதிதான்.