கரடியா மாறப்போற தம்பிக்கு

வாங்க தம்பிகளா, உக்காருங்க. காப்பிக்கொட்டை காயுது, அதை மட்டும் மிதிச்சுடாதீங்க. நேத்து ராத்திரி நீங்க போட்ட சத்தத்துல, நம்ம ஊட்ல பாகப்பிரிவினை நடக்குதாக்கும்னு பக்கத்து ஊட்டுக்காரன் கம்பளியைப் போத்திக்கிட்டு வந்து நின்னான். என்னா சமாச்சாரம்னு பார்த்தா, செத்துப்போன கரடி திரும்ப மனுசனா எந்திரிக்கலாமான்னு வழக்கு. வத்தல்மலைக்குப் பனி பார்க்க வந்தவனுங்க பகடையைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்களே!

கெழவனுக்கு இங்கிலீஷ் வராதுன்னு தைரியமாத்தான் பேசுனீங்க. என் பேத்தி அந்தப் பொஸ்தகத்தை ஒண்ணு விடாம எனக்குத் தமிழ்ல சொல்லிப்புட்டா. ஆட்டத்துக்குப் பேரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸாம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு அமெரிக்காக்காரங்க ரெண்டு பேரு 1974ல கொண்டாந்ததாம். எனக்கு அதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. சீட்டாடிக் காட்டை வித்தவனை எனக்குத் தெரியும். பகடை உருட்டிக் கரடியானவன் எவ்வளவோ தேவலாம்.

மொதல்ல டுருயிட் தம்பி, அதான் மிருகமா உருமாறுற மந்திரக்காரனா ஆடுறவன். 2014 பொஸ்தகப்படி ஆடுறேங்கற. ரெண்டாம் லெவல்லயே நிலா வட்டம்ங்கற டுருயிட் கூட்டத்துல சேர்ந்துட்ட, பழுப்புக் கரடி ஆவுற. உன் சொந்த உசுரு பதினஞ்சு, கரடிக்கு முப்பத்திநாலு. கரடி உசுரு தீர்ந்தா உன் பழைய உசுரு அப்படியே பத்திரமா இருக்கும், மிச்ச அடி மட்டும் உம்மேல எறங்கும். கரடிக்கு மூணு பாக்கி இருக்கறப்ப பத்து அடி உழுந்தா ஏழு உனக்கு. இது சட்டம். நேத்து அந்த ஏழு அடியை ஒத்துக்க மாட்டேன்னு நின்னியே, அது நாயமில்ல. அதுலயும் ஒரு தடவை ஓஞ்சு உக்காந்தா திரும்ப ரெண்டு தடவை மாறலாம். இப்படி எனக்குக் குடுத்திருந்தா நான் எதுக்கு முட்டிவலித் தைலம் வாங்கறேன்? எழுதுனவங்களுக்கே உறுத்தியிருக்கும் போல. 2024 பொஸ்தகத்துல உன் உசுரு உன்னோடதாவே இருக்கும், லெவலுக்குத் தக்கபடி தற்காலிக உசுரு கொஞ்சம் மேல போட்டுத் தருவோம்னு மாத்திட்டாங்க. எந்தப் பொஸ்தகம்னு மேசையில உக்காரும்போதே பேசிக்கங்க. அடி உழுந்தப்புறம் பொஸ்தகத்தைப் புரட்டாதீங்க.

இன்னொண்ணு. நேர்ல பார்த்த மிருகமாத்தான் ஆவணுமாம். நீ கரடியை எங்கடா கண்டே? வண்டலூர்லயா? சரி, ஒத்துக்கறேன். ஆனா நான் டி.எம்.மா, அதான் ஆட்டத்தை நடத்தித் தீர்ப்பு சொல்றவனா இருந்தா, வண்டலூர்ல பார்த்தவன் ஆவுற கரடி மத்தியானம் சாப்பாடு வர்ற நேரத்துக்குச் சண்டையை நிறுத்திட்டுக் கதவைப் பார்த்துக்கிட்டு நிக்கும்.

சொந்தமா விதி எழுதறதுன்னா, வெள்ளக்காரன் கரடியை எதுக்குக் கட்டிக்கிட்டு அழுவணும்? தருமபுரி, ஓசூர்க் காட்டுக் கரடியை எழுது. அதுக்குக் கண்ணு மந்தம், மூக்கு படு கூர்மை. மேல்வரிசை முன்பல்லு ரெண்டு கெடையாது, அந்தச் சந்து வழியாத்தான் கரையானை உறிஞ்சும். அது உறிஞ்சுற சத்தம் ரொம்ப தூரத்துக்குக் கேக்கும். அப்ப, கண்ணால பார்க்கறதுக்கு ரெண்டு பகடை போட்டுச் சின்னதை எடு. மோப்பத்துக்குப் பெருசை எடு. திங்கற நேரத்துல ஒளிஞ்சுக்கறேங்கற பேச்சே கூடாது. தாய்க்கரடி குட்டிங்களை முதுகுல ஏத்திக்கிட்டுத்தான் அலையும். அதனால உங்க கூட்டத்துல இருக்கற குள்ளப்பயலை ஏத்திக்க, அதுக்குத் தனியா பகடை வேணாம். குடுத்ததும் எடுத்ததும் சரியாப்போச்சா?

உருமாறுறது உங்க கைகாக்ஸ் கண்டுபுடிச்சதுன்னு நெனைக்காதீங்க. கூடு உட்டுக் கூடு பாயறதை நம்மாளுங்க எப்பவோ சொல்லிட்டாங்க, அதுல செலவு சாஸ்தி. உங்க ஆட்டத்துல சட்டை, கத்தி எல்லாம் கரடிக்குள்ளயே ஒட்டிக்கிட்டுப் போவுது. நம்ம கதையில பழைய ஒடம்பு கீழ கெடக்கும். அருணகிரிநாதரு கிளியாப் பூந்து பாரிஜாதம் கொண்டாரப் போனாரு. திரும்பி வந்து பார்த்தா ஒடம்பை எரிச்சுட்டானுங்க. அப்புறம் கிளிதான். அண்ணாமலையில கிளி கோபுரத்தைப் பார்த்துக்கங்க. இதை விதியா எழுதுங்கடா. எத்தனை நேரம் வேணும்னாலும் கிளியா இரு, ஆனா ஒடம்புக்குக் கூட்டாளி ஒருத்தன் காவல். அவன் நடுவுல பிரியாணி திங்கப் போய்ட்டா நீ பொழுதுக்கும் கிளி.

திருமூலர் சங்கதி இன்னும் சிக்கல். சாத்தனூர்ல மாடு மேய்க்கற மூலன் செத்துக் கெடக்கான், மாடுங்க சுத்தி நின்னு அழுவுது. அதுங்க துக்கம் தாங்காம அவன் ஒடம்புல பூந்தாரு. மாடுங்களுக்குச் சந்தோசம். சாயங்காலம் மூலன் பொண்டாட்டி ஊட்டுக்குக் கூப்புடுறா, இவரு நான் அவனில்லங்கறாரு. அவ ஊருக்காரங்ககிட்ட முறையிட்டா. சேக்கிழாரே எழுதி வெச்சிருக்காரு. அடுத்தவன் ஒடம்புல பூந்தவனுக்கு அவன் பொண்டாட்டி, அவன் கடன், அவன் பகையெல்லாம் சேருமா சேராதா? இதுக்கு உங்க பொஸ்தகத்துல பக்கம் உண்டா? டி.எம். தம்பி, தலையச் சொறியாத. ஆறு வாரத்துக்கு ஆட்டம் இருக்குது இதுல.

இப்ப ரேஞ்சர் தம்பி, அதான் காட்டு வேட்டைக்காரனா ஆடுறவனே, கிட்ட வா. ஓநாய் வளக்கறியாமே. நேத்து இந்த மலையாட்டைக் கட்டுத்தறிக்கு இழுக்க மூணு பேரு தேவைப்பட்டீங்க, அதை நான் யாருகிட்டயும் சொல்லல. 2014 பொஸ்தகத்துல நீ உன் முறைக்குக் கெடைக்கற ஆக்‌ஷனைச் செலவு பண்ணி வாயால உத்தரவு போட்டாத்தான் ஓநாய் கடிக்கும். நீ சும்மா நின்னா அதுவும் சும்மா நிக்கும். 2020ல டாஷா பேர்ல வந்த பொஸ்தகத்துல கூடுதலாக் கெடைக்கற போனஸ் ஆக்‌ஷன் போதும்னு தளத்துனாங்க. எந்த ஊரு நாயிடா உத்தரவுக்குக் காத்துக்கிட்டு நிக்குது?

செங்கம் பக்கம் எடுத்தனூர்னு ஒரு ஊரு. அங்க ஒரு நடுகல். மொதலாம் மகேந்திரவர்மன் பட்டத்துக்கு வந்த 34ஆவது வருசத்துது, ஏழாம் நூத்தாண்டு. எருமை மந்தைக்காகக் கருந்தேவக்கத்திங்கறவன் செத்தான். அவனோட நாயையும் கூடவே செதுக்கி, பேரையும் வெட்டியிருக்காங்க. கோவிவன். அது ரெண்டு கள்ளனைக் கடிச்சுக் காவல் காத்து நின்னுச்சாம். யாரு போட்ட ஆக்‌ஷன் அது? எசமான் விழுந்துட்டா மிருகம் தானா முடிவெடுக்கும்னு உங்க ஆளுங்க திருத்தம் போட்டது இந்தக் காலத்துல. கல்லு வெட்டுனவன் 1,400 வருசத்துக்கு முன்னாலயே தீர்ப்பு சொல்லிட்டான்.

உத்தரவு, போனஸ் எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. மிருகத்துக்கு ஒரு ஆசை, ஒரு பயம் எழுதி வையுங்க. ஆசைப்பக்கம் போகச் சொன்னா பகடையே வேணாம். பயத்துப்பக்கம் போகச் சொன்னா பகடை, அதுவும் டி.எம். உருட்டணும். செத்தா, அடுத்த ஊர்ல புது ஓநாய் வாங்கிக்கலாம்ங்கற பேச்சு கூடாது. கல்லு நட்டுட்டு மறுவேலை பாருங்க.

அப்புறம், மிருகத்தை அதுக்குச் சொந்தக்காரன் ஆடவே கூடாது. வேற ஒருத்தன் ஆடணும். இன்னிக்கு ராத்திரி ஓநாய் நானு. ரேஞ்சரே, நீ உத்தரவு போட்டுப் பாரு.