ஒரு குண்டிலிருந்து பதினேழு குண்டு வரை

நான் தாம்பரத்தை அடுத்த படப்பையில் வளர்ந்த காலத்தில் போலீஸ்காரர் கையில் லத்திதான் இருக்கும். துப்பாக்கி ஸ்டேஷனுக்குள் இருந்தது. விசை வளையங்களில் ஒரே சங்கிலியைக் கோத்துப் பூட்டி, சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். பாரா போலீஸ் ஒருவர் அதற்குக் காவல். என் சித்தப்பா ஏட்டாக இருந்தார். சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் அந்த வரிசையை வேடிக்கை பார்ப்பேன்.

“சித்தப்பா, இதுல எத்தன குண்டு போடலாம்?”

“ஒண்ணுதாண்டா. ஒண்ணு போட்டு ஒண்ணு சுடணும். அப்புறம் இன்னொண்ணு போடணும்.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அது .410 மஸ்கட். ராணுவம் வைத்திருந்த .303 துப்பாக்கியின் குழலைக் குடைந்து அகலமாக்கி, குண்டுகள் அடுக்கும் இடத்தை மரக்கட்டையால் அடைத்துப் போலீசுக்குக் கொடுத்தார்கள். 1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு உள்ளூர்க்காரன் கையில் நல்ல துப்பாக்கி இருப்பதே பயம். ராணுவத் தோட்டா போலீஸ் துப்பாக்கிக்கு உதவக் கூடாது என்பது ஏற்பாடு. அவன் போய் எத்தனையோ வருஷம் கழித்தும் அந்த மரக்கட்டை ஸ்டேஷன்களில் இருந்தது.

அதிகாரிகளுக்கு ரிவால்வர், ஆறு குண்டு. பிறகு இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 எம்.எம். பிஸ்டல் வந்தது. அது 1935-இல் பெல்ஜியத்தில் வெளியான பிரவுனிங் பிஸ்டலின் வழிவந்தது. குண்டுகளை இரண்டு வரிசையாக, ஒன்றின் இடுக்கில் ஒன்று உட்கார அடுக்கியதால் 13 குண்டு கொள்ளும். ஆஸ்திரியாவின் க்ளாக் 17-இல் அதே இரட்டை வரிசையில் 17 குண்டு. 1982-இல் அந்நாட்டு ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. உடல் பிளாஸ்டிக் என்பதால், எஃகால் ஆன இஷாப்பூர் பிஸ்டலைவிட எடை நன்றாகக் குறைவு. இன்று நம் அதிகாரிகள் சிலரின் இடுப்பிலும் க்ளாக்தான்.

ஊரும் அப்படியே இருக்கவில்லை. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த படப்பைக்குப் பக்கத்திலேயே ஒரகடம் கார்த் தொழிற்சாலைகளின் ஊராகிவிட்டது. வண்டலூர் - வாலாஜாபாத் சாலை அகலமானது. நிலம் தங்கமானதும் கட்டப்பஞ்சாயத்து வந்தது. தொழிற்சாலைக் கழிவு இரும்பை யார் எடுப்பது என்பதில் அரிவாள் வந்தது. 2022 ஜனவரி 1-இல் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகமே தொடங்க வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டு முதல் தேதி அதிகாலை, கூடுவாஞ்சேரி அருகே போலீசார் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். சித்தப்பா தம் பணிக்காலம் முழுவதும் ஒரு மனிதனை நோக்கிச் சுட்டதில்லை.

போலீசிடம் நல்ல துப்பாக்கி இருக்கக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். 2021 நவம்பரில் நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன், ஆடு திருடர்களை இரவில் தனியாக மோட்டார் சைக்கிளில் விரட்டிப்போய்க் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் ரோந்து போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துச் செல்லட்டும், தற்காப்புக்குச் சுடத் தயங்க வேண்டாம் என்று டி.ஜி.பி. சைலேந்திர பாபு சொன்னார். அந்த இரவில் பூமிநாதனுடன் இன்னொருவர் இருந்திருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதற்கு நான்கு ஆண்டு முன்னால் நடந்ததையும் மறக்க முடியவில்லை. கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போன மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன், 2017 டிசம்பர் 13 அன்று குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர்களுடன் நடந்த கைகலப்பில், உடன் போன அதிகாரியின் பிஸ்டலிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு அது என்று ராஜஸ்தான் போலீசார் சொன்னார்கள். இருட்டு, தள்ளுமுள்ளு, பதற்றம். அங்கே கைகொடுப்பது பழக்கம் ஒன்றுதான்.

பிஸ்டல் மாறினால் பழக்கமும் மாற வேண்டும். ரிவால்வரின் விசையைக் கனமாக, நீளமாக இழுக்க வேண்டும். இஷாப்பூர் பிஸ்டலில் கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு உண்டு. க்ளாக்கில் அப்படித் தனிப் பூட்டு கிடையாது. பாதுகாப்பு விசைக்குள்ளேயே இருக்கிறது. சுடுவதென்று முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருந்தாக வேண்டும். இரட்டை வரிசை என்பதால் கைப்பிடியும் பருமன். சிறிய கைக்கு, முக்கியமாகப் பெண் காவலர் பலருக்கு, பிடி சரியாக அமையாவிட்டால் குறி தப்பும். பிடியின் பின்பக்கத்தை ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி க்ளாக்கில் 2010-இல்தான் வந்தது. 2023 ஜூனில் அகில இந்தியப் பெண் காவலர் துப்பாக்கி சுடும் போட்டி நம் பக்கத்து ஒத்திவாக்கத்தில்தான் நடந்தது. பயிற்சி கிடைத்தால் நம் பெண்கள் எப்படிச் சுடுவார்கள் என்று அங்கே பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

சித்தப்பா காலத்துப் பயிற்சி வேறு. ஆண்டுக்கு ஒருமுறை தோட்டாவை எண்ணிக் கொடுத்து, சுட்ட பிறகு காலிக் கூடுகளை எண்ணி வாங்குவார்களாம். ஒரு கூடு புல்லில் தொலைந்தால் எல்லாரும் குனிந்து தேட வேண்டும். அந்தக் கணக்கின் கண்டிப்பு எனக்கு இன்றும் பிடிக்கும். பயிற்சிக்குத் தோட்டா போதாமல் இருந்தது மட்டும் பிடிக்கவில்லை.

கணக்கைச் சட்டமும் கேட்கிறது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் போலீஸ் மோதல் சாவுகளுக்கு 16 நெறிமுறைகள் வகுத்தது. சுட்ட அதிகாரி தம் ஆயுதத்தைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும், நடுவர் விசாரணை நடக்க வேண்டும் என்பவை அவற்றில் உண்டு. ஒரு குண்டு போட்டவரிடம் காலிக் கூட்டைக் கேட்ட துறை, 17 குண்டு வைத்திருப்பவரிடம் அந்தக் கண்டிப்பைத் தளர்த்தக் கூடாது.

சட்டமன்றத்தில் காவல் துறை மானியக் கோரிக்கை வரும்போது எத்தனை வாகனம், எத்தனை கட்டடம், எத்தனை துப்பாக்கி என்று பட்டியல் வாசிப்பார்கள். நம் உறுப்பினர்கள் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். பிஸ்டல் வைத்திருக்கும் ஒவ்வொரு காவலரும் ஆண்டுக்கு எத்தனை தோட்டா சுட்டுப் பழகுகிறார்? இரவு ரோந்துக்கு ஒருவரைத் தனியாக அனுப்புவது நின்றுவிட்டதா? ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இவற்றைக் கேட்டு வையுங்கள்.